கொடையும் பெயரும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், புலமைப்பரிசில் நிதியத்தை ஆரம்பித்த தம்பதியர் கௌரவிக்கப்பட்டபோது செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பாராட்டுரைக்கு முன்பாக ஒரு மன்னிப்பைக் கேட்கவேண்டிய நிலையில் செயற்குழுவினராகிய நாம் நிற்கின்றோம். உங்கள் கைகளுக்கு வந்த அழைப்பிதழ் இரண்டாவது அச்சு. முதலாவது அச்சு உங்களிடம் வரவில்லை. அதிலே, இன்று நாம் கௌரவிக்கும் இருவரையும் “திரு. திருமதி” என்று தொடங்கி, ஐயாவின் முதலெழுத்துகளையும் ஐயாவின் பெயரையும் மாத்திரம் போட்டிருந்தோம். ஒப்புநோக்கியவர்கள் ஐந்து பேர். ஐவரும் பெண்கள், ஐவரும் இந்தப் பாடசாலையில் படித்தவர்கள். ஒருவர் கண்ணிலும் அது பிழையாகப் படவில்லை. மாதிரிப் பிரதியைக் காட்டுவதற்காக ரீச்சர் வீட்டுக்குப் போனோம். ரீச்சர் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். தேநீர் தந்தார். நாங்கள் எழும்பும் நேரத்திலேதான் சொன்னார்:

“பிள்ளையள், நான் உங்கட பள்ளிக்கூடத்தில படிக்கேக்க எனக்கு ஒரு பேர் இருந்தது. இடாப்பில பாத்தால் இப்பவும் இருக்கும்.”

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வீதிக்கு வந்து சைக்கிளைத் திறந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பழைய மாணவிகள் சங்கம் என்று நூறு ஆண்டு காலம் பெயர்ப்பலகை மாட்டி வைத்திருக்கும் நாம், ஒரு பழைய மாணவியின் பெயரைப் போட மறந்துவிட்டோம். அதனாலேயே இன்று கொடையைப் பற்றியும் பெயரைப் பற்றியும் சேர்த்துப் பேசலாம் என்று முடிவு செய்தோம். எமது மண்ணிலே இந்த இரண்டுக்கும் நெடுநாள் உறவு உண்டு.

1824 ஆம் ஆண்டு உடுவிலிலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். வின்ஸ்லோ என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவு வருவது அகராதி. 1862 இல் சென்னையில் வெளிவந்த அந்தப் பெரிய தமிழ் ஆங்கில அகராதியைச் செய்தவர் மைரன் வின்ஸ்லோ, அம்மையாரின் கணவர். அம்மையார் 1833 இலேயே உடுவிலில் காலமாகிவிட்டார். அகராதி நூலகங்களில் இருக்கின்றது. அம்மையாரின் முதற்பெயரை உடுவில் மாணவிகளுக்கு வெளியே எத்தனை பேர் அறிவர்?

அந்தக் காலத்து விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் புத்தகமும் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருந்த அமெரிக்க நன்கொடையாளர். ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்பவர், அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடலாம் என்பது வழக்கமாக இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்று எமது கல்வி வரலாற்றிலே வரும் பெயர்கள் அந்தக் காலத்தின் அடையாளம். கரோல் விசுவநாதபிள்ளை 1857 இல், சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சேர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர். ஆர்னல்ட் 1886 இல் “பாவலர் சரித்திர தீபகம்” தந்தவர். கொடுத்தவர் வைத்த பெயரை முன்னே சுமந்தபடியே தமிழுக்குப் பெரும்பணி செய்தார்கள். படித்த பையன்களின் பெயர் அச்சிலேறி நிலைத்தது. உடுவிலில் படித்த சிறுமிகளும் அப்படித்தான் பெயர் பெற்றார்கள். அவர்கள் பெரும்பாலும் மணமான பின்பு இன்னாருடைய மனைவி என்ற மட்டிலேயே பதிவுகளில் தங்கினார்கள்.

கொடுப்பவர், பெறுகிற பிள்ளையின் பெயரையே மாற்றலாம் என்ற காலம் அது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சோறு இல்லாவிட்டால் அந்தப் படிப்பு இல்லை. ஆனாலும் உதவி வாங்கும் பிள்ளை தன்னிலே ஒரு பகுதியை ஒப்படைக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. பெயரை மட்டுமல்ல, சமயத்தையும் ஒப்படைக்க வேண்டிவரும் என்ற பயம் சைவப் பெற்றாரிடம் இருந்தது. அதனால் எத்தனையோ பெண்பிள்ளைகள் வீட்டோடு நின்றார்கள்.

அந்தப் பயத்துக்கு ஒரு விடையாக எழுந்ததுதான் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி. காங்கேசன்துறை வீதியால் போய்வருகின்ற எங்கள் எல்லோருக்கும் அந்த மதில் தெரியும். 1913 ஆம் ஆண்டு சைவப் பெண்பிள்ளைகளுக்கென அது திறக்கப்பட்டது. 1921 இல் ஆண்பிள்ளைகளுக்காகத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி. ஒரு காரியத்தைக் கவனியுங்கள். பெண்பிள்ளைகளின் கல்லூரிதான் முதலில் வந்தது, எட்டு ஆண்டுகள் முந்தி. தமது காணியையும் பணத்தையும் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவற்றுக்காகவே கொட்டினார். 1851 இல் பிறந்து, சொலிசிற்றர் ஜெனரலாக இருந்து, 1911 இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டசபைக்குத் தெரிவாகி, 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் இராணுவச் சட்டத்தின் கொடுமைக்கு எதிராகச் சிங்கள மக்களுக்காக வாதாடிய அவரைப் பற்றி இந்த மண்டபத்தில் நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கின்றது.

பாடப்புத்தகத்தில் இல்லாதவர் அவருடைய துணைவியார்.

அவருடைய பிறப்புப் பெயர் ஹரிசன். அவுஸ்திரேலியப் பெண். இராமநாதனிடம் சைவ சித்தாந்தம் கேட்க வந்த மாணவியாக, பின்பு அவருடைய எழுத்துவேலைகளுக்குத் துணையாக இருந்தவர். 1905 இலும் 1906 இலும் இராமநாதன் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றச் சென்றபோது கூடவே சென்று, கண்டதையும் கேட்டதையும் எழுதி 1907 இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாகத் தந்தார். கீழைத்தேச மாணவருக்கு மேலைத்தேசக் காட்சிகள் என்று அதன் தலைப்புப் பொருள்படும். அந்த நூலின் முகப்பில் அவருடைய சொந்தப் பெயர் இருக்கின்றது. மணத்தின் பின் லீலாவதி ஆனார். கணவர் 1921 இல் சேர் பட்டம் பெற்றதும் லேடி இராமநாதன் ஆனார். ஊர் வழக்கில் அந்தக் கடைசிப் பெயரே நின்றது.

1930 நவம்பர் 26 ஆந் திகதி சேர் இராமநாதன் காலமானார். லீலாவதி அம்மையார் 1953 வரை வாழ்ந்தார். கணவர் மறைந்தபின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கல்லூரியின் சுமை அம்மையாரின் தோளில் இருந்தது. கட்டடம் எழுப்புவது ஒரு கொடை. விடுதியில் மாலையிலே விளக்கு ஏற்றுவிப்பதும், அரிசிக் கணக்குப் பார்ப்பதும், காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருத்துவரைக் கூப்பிடுவதும், ஆசிரியைகளுக்கு மாதச் சம்பளத்தை மாதத்தில் கொடுப்பதும் இன்னொரு கொடை. முன்னதைக் கல்லில் வெட்டுகிறோம். பின்னதற்குக் கல் கிடையாது.

இன்னொரு பெண்ணையும் இந்த இடத்தில் நினைக்கவேண்டும். புளோரன்ஸ் ஃபார். லண்டன் மேடைகளில் நடித்தவர். பெர்னாட் ஷாவின் நாடகத்திலும் யேற்ஸின் நாடகத்திலும் நடித்த பேர்பெற்ற நடிகை. இராமநாதனை லண்டனில் சந்தித்துப் பழகியவர். 1912 இல், ஐம்பது வயது கடந்தபின், எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறி வந்து, தொடங்கவிருந்த இந்தக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். 1917 இல் கொழும்பிலே புற்றுநோயால் இறந்தார். யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்பிள்ளைகளின் கல்லூரியொன்று லண்டன் நடிகையின் கையில் தொடங்கியது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வரலாற்றுக் கொப்பியில் எழுதியும் வையுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையானவர்கள் அல்லர். 1927 இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அந்த ஆண்டிலேயே பெண்களின் வாக்குரிமைக்கென ஒரு சங்கமும் இங்கே உருவாயிற்று. ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்கு என்றது. பின்னர் ஆண்களைப் போல இருபத்தொரு வயது என்று ஆயிற்று. சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர்களில் முன்னின்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். பெண்களுக்கும், சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் வாக்குரிமை கொடுப்பதை அவர் ஏற்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு முதலில் கல்லூரி கட்டிய அதே மனிதர்தான். அந்தக் கல்லூரியில் படித்து வெளியேறிய பெண்கள் அந்தச் செய்தியை வாசித்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று நாங்கள் செயற்குழுவிலே பலமுறை கதைத்தோம். எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து வரவில்லை. மறைந்த பெரியவரைப் பற்றி விழாவில் இதைச் சொல்லலாமா என்று மூத்த அக்கா ஒருவர் கேட்டார். சொல்லாவிட்டால் நன்றியும் அரைகுறையாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் சொன்னோம். கடைசியில் அக்காவும் “சரி, ஆனால் மரியாதையோட சொல்லுங்கோ” என்றார்.

1931 இல் வாக்குரிமை வந்தது. 1932 இல் கொழும்பு வடக்கிலே ஒரு தமிழ்ப் பெண் அரசாங்க சபைக்குத் தெரிவானார். நேசம் சரவணமுத்து. அவருடைய கணவர் மருத்துவர் இரத்தினசோதி சரவணமுத்து அந்த ஆசனத்தை இழக்க நேர்ந்தபோது மனைவி போட்டியிட்டு வென்றார். கணவரின் இடத்துக்கு வந்தவர் என்று அன்று சிலர் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் வாக்குச்சீட்டு விழுந்தது அவருக்காக.

கொடுத்தவர் நினைத்ததற்கும் அப்பால் கொடை போகின்றது என்பதற்கு இன்னுமொரு சாட்சி எங்களுக்குப் பக்கத்திலேயே உண்டு. ஆண்பிள்ளைகளுக்கென அவர் எழுப்பிய பரமேஸ்வராக் கல்லூரி வளவிலேதான் 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது; 1979 இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அந்த வளவுக் கோயிலைக் கும்பிட்டுவிட்டுப் பரீட்சை மண்டபத்துக்கு ஓடுகின்றவர்களில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்! நாட்டின் பல்கலைக்கழகங்களில் இன்று பெண்பிள்ளைகளே பெரும்பான்மை. அந்த மண்ணில் படித்துவிட்டு, வாக்கும் போட்டுவிட்டு வருகின்றார்கள்.

இனி எங்கள் ரீச்சரிடமும் ஐயாவிடமும் வருகிறோம். இவ்வளவு நேரம் தங்களைப் பற்றிப் பேச்சு இல்லை என்று ஐயா நிம்மதியாக இருந்திருப்பார்.

இலவசக் கல்வி 1945 இல் வந்தது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டணமில்லை. அப்படியிருக்க எதற்குப் புலமைப்பரிசில் என்று வெளிநாட்டிலிருந்து வருகின்ற சகோதரிகள் எம்மிடம் கேட்பதுண்டு. விரிவுரைக்குக் காசில்லை, ஆனால் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போய்ச் சேர பஸ்ஸுக்குக் காசு. விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் அறை வாடகை, முற்பணம். மூன்று நேரச் சாப்பாடு. மருத்துவ பீடமென்றால் வெள்ளைக் கோட்டு, புத்தகம். 1981 இல் தொடங்கிய மகாபொல உதவி பெரிய ஆறுதல். ஆனால் பிள்ளை போய்ச் சேர்கின்ற மாதமும் மகாபொல முதன்முதலாகக் கைக்கு வருகின்ற மாதமும் ஒன்றல்ல. அந்த இடைவெளியிலேதான் பிள்ளைகள் விழுகிறார்கள். சங்கிலி அடகுக்குப் போவது அந்த மாதங்களில். “அடுத்த வருசம் போகலாம்” என்று தகப்பன்மார் சொல்வதும் அந்த மாதங்களில்.

ரீச்சர் கணிதம் படிப்பித்தவர். அந்த இடைவெளியை அவர் கணக்காகவே கண்டார். தம் காணி ஒன்றை இருவரும் விற்ற காசை வங்கியிலிட்டு, வட்டியோடு ஐயாவின் ஓய்வூதியத்தில் ஒரு பங்கையும் சேர்த்து இந்த நிதியத்தைத் தொடங்கினார்கள். காணி யாருடையது? ரீச்சருடைய சீதனக் காணி. இதையும் எமக்குச் சொன்னவர் ஐயாதான். “உறுதியில அவவின்ர பேர்தான். நான் ஒப்பம் மட்டும் வைச்சனான்” என்றார். அப்படியிருந்தும் அழைப்பிதழில் நாங்கள் போட்டது ஐயாவின் பெயர்!

பணத்தைப் பிள்ளையின் சொந்தப் பெயரில் உள்ள கணக்குக்கே போடவேண்டும், தகப்பன் பெயருக்கோ அண்ணன் பெயருக்கோ அல்ல என்பது ரீச்சர் எமக்கு இட்ட முதற் கட்டளை. காசோலையைப் பிடித்தபடி மேடையில் படம் எடுக்கக்கூடாது என்பது அடுத்தது. அதனாலேயே இந்த மலரிலே உதவி பெற்ற பிள்ளைகளின் படங்கள் இல்லை. படம் எங்கே என்று தேட வேண்டாம். அதோடு, பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்றும் சொன்னார். செயற்குழுவினராகிய எமக்கு இது ஒத்துவரவில்லை. உழைக்கத் தொடங்கியபின் சிறிது சிறிதாகத் திருப்பித் தரட்டும், நிதியமும் வளரும் என்று நாம் ஒரு படிவத்தையே தயாரித்துக் கொண்டுபோனோம். கடன் என்ற சொல்லைக் கண்டதும் ரீச்சர் பேனாவை மூடிவிட்டார்.

“கடன் எண்டு எழுதினால், நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசேக்க சீதனக் கணக்கோட இந்தக் கடனையும் சேர்த்துப் பேசுவினம். பிள்ளையின்ர தலையில நான் ஏன் அதை ஏத்த வேணும்?”

வாதாட எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. படிவம் எங்கள் அலுமாரியிலே இன்னும் வெற்றாகக் கிடக்கின்றது.

ஐயா பேசுவது குறைவு. ஒரு சம்பவத்தை மட்டும் அவர் அனுமதியில்லாமலே சொல்கிறோம். ஒரு வருடம், பொறியியல் பீடத்துக்குத் தெரிவான பிள்ளையொன்றைத் தகப்பனார் அனுப்ப மறுத்துவிட்டார். காசு பிரச்சினையில்லை, அவ்வளவு தூரம் பெட்டைப் பிள்ளையைத் தனியே விடமாட்டேன் என்றார். ரீச்சர் போய்க் கதைத்தார், அதிபர் போனார், நாமும் போனோம். அசையவில்லை. பிறகு ஐயா சைக்கிளில் தனியே போயிருக்கிறார். பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். அந்தத் தகப்பனாரோடு தோட்டத்திலே வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டு, மூன்று மாலைகள் தொடர்ந்து போய் வந்தாராம். நான்காம் நாள் தகப்பனாரே, “எந்த பஸ்ஸில போறது, எங்க இறங்கிறது” என்று கேட்டிருக்கிறார். முதல்நாள் பயணத்தில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் போனார்கள். தகப்பனாருக்கும் சேர்த்து ஐயாதான் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு போனார். கட்டிக் கொடுத்தது ரீச்சர் என்பதை இன்று சொல்லாமல் விடமாட்டோம்.

இந்தப் பிள்ளைகளுக்கு இவர்கள் தங்கள் பெயரை வைக்கவில்லை. நிதியத்துக்கே தம் பெயர் வேண்டாம் என்றுதான் இருவரும் சொன்னார்கள். பாடசாலையின் பெயரிலே இருக்கட்டும் என்றார்கள். நூற்றாண்டு ஆண்டிலாவது ஒரு பலகை வைக்க விடுங்கள் என்று நாங்கள் மூன்று முறை கேட்டபின், அந்த அழைப்பிதழ் விஷயத்துக்குப் பிறகு, ரீச்சர் சம்மதித்தார். ஒரேயொரு நிபந்தனை: பலகை சின்னதாக இருக்கவேண்டும்.

சின்னதாகத்தான் செய்திருக்கிறோம். மண்டபத்தின் இடதுபக்கச் சுவரிலே, நூலகத்துக்குப் போகும் கதவருகே, பட்டுத்துணியால் மூடியிருக்கின்றது. இம்முறை செயற்குழுவினர் ஒப்புநோக்கவில்லை. பாடசாலையின் பழைய இடாப்பை அதிபரின் அனுமதியோடு எடுத்து, ரீச்சர் ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாளில் எழுதப்பட்ட பெயரை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து வெட்டுவித்தோம். ஐயாவின் பெயர் அதன் கீழே. வரிசையை மாற்றிப் போட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உறுதியில் இருந்த வரிசைதான்.

இவ்வளவு காலமும் நாம் ரீச்சர், ரீச்சர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். இந்த உரையிலும் அப்படியே சொல்லிவிட்டோம். அந்தப் பெயரை முதன்முதல் வாய்விட்டுச் சொல்லவேண்டியவர் நாம் அல்லர் என்று தோன்றியது. பொறியியல் படித்து முடித்து, இன்று தகப்பனாரோடு நான்காவது வரிசையில் இருக்கின்ற பிள்ளையை அழைக்கிறோம். இங்கே வா, பிள்ளை. துணியை விலக்கி, அங்கே எழுதியிருப்பதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசி.